அளவா வரணும் தண்ணி!

செமஸ்டர் எக்ஸாம் முடிஞ்ச மறுநாள், 'எங்கேயாவது போயே ஆகணும் மச்சி' என்று எட்டுப் பேர் கூடினால் என்ன நடக்கும்? ஊட்டி, கொடைக்கானல் என்று ஆரம்பித்து, ஆளாளுக்கு பாக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒகேனக்கல் பஸ்ஸில் ஏறினோம். தருமபுரி, பென்னாகரம் தாண்டி மலை இறங்கினால் காவிரி. பிளான் ரொம்ப சிம்பிள். பரிசல்ல ஒரு ரவுண்டு, மணல்திட்டுல மீன் சாப்பாடு!

இறங்கினதும் முதல் வேலை மீன் வாங்குவது. கட்லா, ரோகு, கெளுத்தி என்று கரையிலேயே கிடைக்கிறது. அங்கே அடுப்போடு உட்கார்ந்திருக்கும் சமையல் அக்காக்களிடம் கொடுத்துவிட்டால் போதும். 'குழம்பு பாதி, வறுவல் பாதி' என்று நாம் சொல்ல, கூலிக்குச் சமைத்துக் கொடுத்துவிடுகிறார்கள். சூடா தூக்குப் போணியில் வாங்கிக்கொண்டு, ஒரு பரிசலுக்கு நாலு பேராக ஏறினோம்.

பரிசலுக்கு எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே தெரியவில்லை. மூங்கில் பிளாச்சுகளைப் பின்னி, அடியில் தண்ணீர் புகாத ஷீட் போட்ட பெரிய கூடைதான் அது. அகலமா, தட்டையா இருப்பதால் பாரம் பரவி, கொஞ்சமாத்தான் தண்ணீரில் அமுங்குகிறது. அதனால் பாறை மேலேகூட உரசாமல் போகும். ஆனால், துடுப்பை ஒரு பக்கம் இழுத்தால் போதும்... தட்டாமாலை சுத்தும்! (ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் அரியர் வைத்திருப்பவன் சொல்றேன், நம்புங்க!)

ரெண்டு பக்கமும் உசரமா பாறைச் சுவர். நடுவே ஆறு சத்தமே இல்லாமல் கிடந்தது. போட்டோ எடுக்க இதைவிட நல்ல இடம் ஏது? புது டி-ஷர்ட் தெரியணுமே என்று லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றினேன். பரிசல் பாறையோரம் ஒதுங்கி நின்றுவிட்டது.

"போடு தம்பி. போட்டாத்தான் துடுப்பு நகரும்."

"ரெண்டே நிமிஷம்ணே..."

"மேல அமைதியாத்தான் இருக்கும். அடியில எந்தப் பாறை இடுக்குல என்ன சுழின்னு எனக்கே தினமும் புதுசு."

மாட்டிக்கொண்டேன். நாலு பேரும் கப்சிப். எனக்குக் கோபம்தான். டிக்கெட் வாங்கினது நாங்க, அதிகாரம் இவருக்கா?

மணல்திட்டில் தூக்குப் போணியைத் திறந்ததும் கோபம் பாதி போச்சு. தள்ளி உட்கார்ந்திருந்த அவரை, "வாங்கண்ணே, சாப்பிடலாம்" என்று கூப்பிட்டோம். முதலில் மறுத்தவர், ரெண்டாவது தடவை வந்தார். சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்.

"ஒருத்தன் விழுந்தா அன்னிக்கே பரிசலை நிறுத்திடுவாங்க. என் வீட்டு அடுப்பு மட்டுமில்ல தம்பி, இந்தத் துறையில இருக்கிற அத்தனை வீட்டு அடுப்பும் அணைஞ்சிடும்."

யாரும் விழாவிட்டாலும் அடுப்பு அணையும் என்பது பிறகுதான் புரிந்தது. கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்தால், பிலிகுண்டுலுவில் வினாடிக்கு இத்தனை கன அடி என்று அளக்கிறார்கள். ஒரு கன அடி என்றால் சுமார் 28 லிட்டர். 2024 ஜூலையில் அது ஒரு லட்சம் கன அடியைத் தாண்டியது. வெள்ளம் இப்படி ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்குத் தடை போட்டுவிடும். அது நியாயம்தான். ஆனால் தடை நீங்கும் வரை இவர்களுக்குத் துடுப்பு வேலை இல்லை.

"தண்ணி வராட்டியும் பொழப்பு இல்ல, நிறைய வந்தாலும் பொழப்பு இல்ல. அளவா வரணும்" என்று சிரித்தபடியே கை கழுவப் போனார்.

திரும்பும்போது யாரும் ஜாக்கெட்டில் கை வைக்கவில்லை. கரை வந்ததும், "அடுத்த தடவை வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வா தம்பி" என்றார் என்னிடம்.

'நீர்வரத்து அதிகரிப்பு, ஒகேனக்கலில் பரிசல் இயக்கத் தடை' என்று பேப்பரில் வரும் சின்ன செய்தியை இத்தனை வருஷம் தாண்டிப் போய்த்தான் ஸ்போர்ட்ஸ் பக்கம் படித்திருக்கிறேன். இப்போ அதைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுகிறேன். இன்னிக்கு அண்ணன் வீட்டுல அடுப்பு எரியுமா?