99.35 சதவீதத்தோட நிறுத்திடாதீங்க

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் டைட்டில் லிஸ்ட்டை டிபார்ட்மென்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டும்போது ஒருமுறை நின்னு படிச்சுப் பாருங்க. எந்த பேட்ச் ஆனாலும் சில டைட்டில்கள் மாறவே மாறாது. முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுறது, செல்போனிலிருந்து மோட்டார் போடுறது, அப்புறம் இலையைப் பார்த்து நோயைச் சொல்றது. இந்தக் கட்டுரைக்கு நான் அந்த மூணாவதை எடுத்துக்கிறேன். கிண்டல் பண்ண இல்லை. யு.ஜி. படிக்கும்போதே ரிசர்ச் பண்ணினால் மேற்படிப்புக்கும் வேலைக்கும் உண்மையில் என்ன உதவி என்று புரிஞ்சுக்க இந்த ஒரு ப்ராஜெக்ட்டே போதும்.

இதுக்குப் பெரும்பாலான டீம்கள் எடுக்கிற டேட்டாசெட் பிளாண்ட்வில்லேஜ். 54,306 படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். இன்டர்நெட்டில் இலவசமாகவே கிடைக்கும். 2016-ல் மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே என்ற மூன்று ஆய்வாளர்கள் இதை வைத்து ஒரு பேப்பர் வெளியிட்டார்கள். அவர்களுடைய மாடலுக்கு வந்த அக்யூரசி 99.35 சதவீதம். நம்ம டீம்களும் கிட்டத்தட்ட அதே மாதிரி ஒரு மாடலை ட்ரெய்ன் பண்ணி, தொண்ணூறுக்கு மேல ஒரு நம்பர் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பிபிடியில் ஒட்டி, கடைசி ரிவ்யூவை முடிச்சிடறோம்.

ஆனா அந்த பேப்பரிலேயே இன்னொரு நம்பரும் இருக்கு. ட்ரெய்னிங் படங்கள் எடுத்த சூழலில் இல்லாமல், வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்தபோது அதே முறைக்குக் கிடைத்தது 31 சதவீதம் சொச்சம்தான். அவங்க அதை மறைக்கவில்லை. நாமதான் அந்தப் பக்கம் வரைக்கும் படிக்கறதில்லை.

ஏன் இவ்வளவு இறங்குது? பிளாண்ட்வில்லேஜ் படங்களில் ஒரே ஒரு இலையைப் பறித்து, வெறும் பின்னணியில் வைத்து எடுத்திருப்பார்கள். தோட்டத்துல அப்படியா இருக்கும்? இலைமேல இலை, நிழல், மண், சொட்டுநீர்க் குழாய், படம் எடுக்கிறவர் விரல்னு எல்லாம் சேர்ந்துதான் வரும். 2022-ல் வந்த இன்னொரு ஆய்வு இதைவிட சுவாரஸ்யம். ஒவ்வொரு படத்தின் பின்னணியிலிருந்தும் வெறும் 8 பிக்சலை மட்டும் எடுத்து மாடலுக்குக் கொடுத்துப் பார்த்திருக்காங்க. இலையே கிடையாது. அப்பவும் 49 சதவீதம் சரியாகச் சொல்லியிருக்கு! இருப்பது 38 வகை. கண்ணை மூடிக்கிட்டு சொன்னால் 2.6 சதவீதம்தான் வரணும். அப்போ நம்ம 99 சதவீதத்தில் இலையைப் பார்த்து வந்தது எவ்வளவு, பின்னணியைப் பார்த்து வந்தது எவ்வளவு?

இந்தக் கேள்வி மனசில் வந்த நிமிஷம் நீங்க ரிசர்ச்சுக்குள்ள வந்துட்டீங்க. கவனிங்க, இதுக்குப் பெரிய லேப் எதுவும் தேவைப்படலை. ஒரு லேப்டாப், ஒரு செல்போன், பக்கத்துல ஒரு தக்காளித் தோட்டம். அவ்வளவுதான். "ரிசர்ச் எல்லாம் ஐஐடி பசங்களுக்கு" என்று நாம சொல்லிக்கிட்டே இருப்பது பாதி நேரம் நம்ம சோம்பலுக்கு ஒரு சாக்கு.

சரி, இதனால என்ன கிடைக்கும்?

முதல்ல, விடை தெரியாத கேள்வியோட உட்காரும் பழக்கம். நம்ம லேப்ல ரிசல்ட் என்ன வரணும்னு முன்னாடியே தெரியும். சிலசமயம் ரெக்கார்டில் "சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி வைத்த பிறகுதான் எக்ஸ்பெரிமென்ட்டே ஆரம்பிக்கும். எம்.எஸ்., பிஎச்.டி. அப்படி இருக்காது. மாசக்கணக்கில் ஒண்ணும் வேலை செய்யாது. தப்பு கோடிலா, டேட்டாவிலா, யோசனையிலா என்று நீங்களேதான் பிரிச்சுப் பார்க்கணும். அதை முதல் தடவையா இங்கே, நம்ம காலேஜ்ல, நம்ம ஃப்ரெண்ட்ஸ் பக்கத்துல இருக்கும்போதே செஞ்சு பார்ப்பது நல்லது.

ரெண்டாவது, நீங்க வேலை செய்யறதைக் கிட்ட இருந்து பார்த்த ஒரு ஆள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் மூன்று சிபாரிசுக் கடிதங்கள் கேட்கும். "இந்த மாணவர் ஒழுக்கமானவர், வகுப்புக்குத் தவறாமல் வருவார்" என்று எழுதிய கடிதத்தால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை. "அக்யூரசி இறங்கினப்போ இவரே காரணத்தைத் தேடி, பின்னணியை மாற்றி மறுபடி சோதித்தார்" என்று ஒரு மேம் எழுதினால் அதன் கனமே வேற. ஆனா அதை எழுத அவங்க அதைப் பார்த்திருக்கணும். அப்ளிகேஷன் போடுற மாசத்தில் போய்க் கேட்டா எங்கிருந்து எழுதுவாங்க?

இதுக்கு நம்ம சென்னையிலேயே ஒரு பழைய உதாரணம் இருக்கு. 1928-ல் ஜெர்மன் இயற்பியலாளர் சோமர்ஃபெல்ட் சென்னைக்கு வந்தார். மாநிலக் கல்லூரியில் யு.ஜி. படித்துக்கொண்டிருந்த எஸ். சந்திரசேகர், அவருடைய புத்தகத்தை ஏற்கெனவே கரைச்சுக் குடிச்சவர், நேரில் போய்ப் பார்த்தார். அந்தப் புத்தகத்தில் இருக்கும் இயற்பியல் அதற்குள் மாறிப்போச்சு என்று சொன்ன சோமர்ஃபெல்ட், இன்னும் வெளிவராத தன் கட்டுரையின் அச்சுப்படியைக் கொடுத்தார். சந்திரசேகர் அதைப் படித்து, அதிலிருந்த புதிய புள்ளியியலை வேறொரு சிக்கலில் பயன்படுத்தி ஒரு பேப்பர் எழுதி, கேம்பிரிட்ஜில் இருந்த ஆர்.எச். ஃபவுலருக்கு அனுப்பினார். 1929-ல் அது ராயல் சொசைட்டியின் இதழில் வெளிவந்தது. 1930-ல் அரசு உதவித்தொகையோடு கேம்பிரிட்ஜ் போனபோது அவருக்கு வழிகாட்டி அதே ஃபவுலர்தான். 1983-ல் வாங்கிய நோபலை விடுங்க; அதெல்லாம் கோடியில் ஒருத்தருக்கு. தெரிஞ்சவர் ஒருத்தரைத் தேடிப்போய்க் கேட்டது, படிச்சதை வெச்சு ஒண்ணு செஞ்சது, செஞ்சதைச் சரியான ஆளுக்கு அனுப்பினது. இந்த மூணும் நமக்கும் முடியும்.

மூணாவது, வேலை. "எங்களுக்குப் பிளேஸ்மென்ட் போதும், பிஎச்.டி. வேணாம்"னு சொல்றவங்க இங்கே கவனிங்க. இன்டர்வியூவில் "உங்க ப்ராஜெக்ட் பத்திச் சொல்லுங்க" என்பது முதல் கேள்வி. அதை எல்லாரும் மனப்பாடமா சொல்லிடுவோம். அடுத்து வர்றதுதான் சிக்கல்: "ஏன் இந்த மாடல்? வேற டேட்டா கொடுத்தா என்ன ஆகும்?" ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கினவர் அங்கே தடுமாறுவார். 99 எப்படி 31 ஆச்சுன்னு பார்த்தவர் அரை மணி நேரம் பேசுவார். வேலைக்குச் சேர்ந்த பிறகும் டெஸ்டிங்கில் நல்லா ஓடி, கஸ்டமர்கிட்ட போனதும் படுத்துக்கிற விஷயங்களோடதானே மல்லுக்கட்டணும்?

இன்னொரு லாபமும் உண்டு. ரிசர்ச் உங்களுக்குப் பிடிக்கலைன்னு தெரிஞ்சுக்கறது. ரெண்டு மாச சம்மரில் அது தெரிஞ்சா நஷ்டமே இல்லை. கடன் வாங்கி வெளிநாடு போய், பிஎச்.டி. மூணாவது வருஷத்தில் தெரிஞ்சா வீட்டுக்கே கஷ்டம்.

எங்கே ஆரம்பிக்கறது? ஐஐடி மெட்ராஸின் சம்மர் ஃபெலோஷிப், ஐஐடிக்கு வெளியே படிக்கிற நம்மை மாதிரி ஆட்களுக்காகவே இருக்கு. இந்தியாவின் மூன்று அறிவியல் அகாடமிகளும் சேர்ந்து நடத்தும் சம்மர் ஃபெலோஷிப்பில் ரெண்டு மாசம் ஒரு ஆய்வாளரோட வேலை செய்யலாம். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்குத் தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் நிதியுதவி தருது. சம்மர் வரட்டும்னு காத்திருக்காதீங்க. அப்ளிகேஷன் மாசக்கணக்கில் முன்னாடியே முடிஞ்சிடும். இதில் எதுவும் கிடைக்கலைன்னாலும் நம்ம டிபார்ட்மென்ட்டிலேயே பிஎச்.டி. பண்ணிக்கிட்டு பாடமும் எடுக்கிற சார், மேம் இருப்பாங்க. "ஏதாவது ப்ராஜெக்ட் கொடுங்க சார்" என்று கேட்காம, "உங்க பேப்பர் படிச்சேன், இந்த இடம் புரியலை" என்று போய்ப் பாருங்க.

பேப்பர் படிக்கறது முதல்ல பயமாத்தான் இருக்கும். கேசவ் என்ற கணினி விஞ்ஞானி இதற்கு மூன்று சுற்று முறை ஒன்றைச் சொல்லியிருக்கிறார். முதல் சுற்றில் தலைப்பு, சுருக்கம், முன்னுரை, துணைத்தலைப்புகள், முடிவுரை மட்டும். பத்து நிமிஷம் போதும். ரெண்டாவதில் படங்களையும் கிராஃப்களையும் கவனிச்சுப் படிக்கணும். உண்மையிலேயே தேவைப்படும் பேப்பருக்கு மட்டும்தான் மூணாவது சுற்று. நம்ம 31 சதவீதம் இரண்டாவது சுற்றிலேயே கண்ணில் படும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. காசு கட்டினா ஒரே வாரத்தில் பேப்பர் போடுறோம்னு மெயில் வரும். அதைப் போட்டு ரெஸ்யூமில் ஒரு வரி சேர்த்துக்கலாம். ஆனா விஷயம் தெரிஞ்ச பேராசிரியர் அந்த ஜர்னல் பெயரைப் பார்த்ததுமே முடிவு பண்ணிடுவார். வெளியிடாத, ஆனா ஒழுங்காகச் செய்த வேலை அதைவிட எவ்வளவோ மேல்.

இந்த வருஷமும் ஏதோ ஒரு டீம் இலை நோய் எடுத்திருப்பீங்க. டைட்டிலை மாத்த வேண்டாம். இந்த லீவுல ஊருக்குப் போகும்போது தோட்டத்தில் ஒரு ஐம்பது இலையைச் செல்போனில் படம் எடுங்க. எந்த நோய்னு அங்கே விவசாயம் பார்க்கிறவங்ககிட்டயோ வேளாண்மை ஆபீசர்கிட்டயோ கேட்டுக் குறிச்சுக்கோங்க. உங்க மாடலுக்கு அதைக் கொடுங்க. வர்ற நம்பர் எவ்வளவு குறைவா இருந்தாலும் அதையும் பிபிடியில் போடுங்க. ரிவ்யூவில் பேச வேண்டியதே அந்த ஸ்லைடைப் பத்தித்தான்.