கல்லடைப்பும் நாட்டு மூலிகைகளும்

கள்ளக்குறிச்சி ஜில்லாவின் மேட்டு நிலங்களிலும் கல்வராயன் மலைக் கிராமங்களிலும் வெயிலில் உழைப்போருக்குக் கல்லடைப்பு நோய் காண்பது புதிதன்று. வியர்வையாய்க் கழியும் நீருக்கு ஈடாகத் தண்ணீர் அருந்தாவிடில் சிறுநீர் சுண்டிவிடுகிறது. அப்பொழுது அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் ஆக்ஸாலிக் அமிலமும் கூடிக் கல்லாய்த் திரளுகின்றன. யூரிக் அமிலத்தால் உண்டாகும் கற்களும் உண்டு. இந்நோய்க்கு மருந்து நம் நிலங்களிலேயே இருக்கிறதென்பது முன்னோர் கொள்கை. அதில் எவ்வளவு நிரூபணமாகியிருக்கிறதென்பதைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

மூலிகைகளும் பரிசோதனைகளும்

1. சிறுபீளை: பொங்கலுக்குக் காப்புக் கட்டும் பூ இதுவே. மானாவாரி நிலங்களில் களையாக முளைக்கும். நெருஞ்சியும் இவ்வாறே. இவ்விரண்டின் கஷாயமும் சிறுநீரைப் பெருக்குமென்று சித்த வைத்தியர்கள் கொடுப்பது வழக்கம். எலிகளிடம் செய்த பரிசோதனைகளில் கல் படிவது குறைந்தது. மனிதரிடத்தில் போதிய ஆதாரம் இன்னும் ஏற்படவில்லை.

2. மாவிலங்கப்பட்டை: 1990-ஆம் ஆண்டு முதல் எலிகளைக் கொண்டு செய்யப்பட்ட ஆராய்ச்சிகளில் நற்பலன் காணப்பட்டது.

3. வாழைத்தண்டு: இதன் சாறு எலிகளின் சிறுநீரில் ஆக்ஸாலிக் அமிலத்தைக் குறைத்ததென 1994-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

4. கொள்ளு: வட இந்தியாவில் நோயாளிகளுக்குக் கொள்ளையும் பொட்டாசியம் சிட்ரேட் என்னும் மருந்தையும் தனித்தனியே கொடுத்து ஒப்பிட்ட சிறு பரிசோதனையொன்று 2010-இல் வெளியாயிற்று. கொள்ளுக்கு அதில் நல்ல முடிவு கிடைத்தது. எனினும் நோயாளிகளின் தொகை சொற்பமாகையால் இது முடிந்த முடிபாகாது.

5. கீழாநெல்லி இனம்: நாம் காமாலைக்குக் கொடுக்கும் கீழாநெல்லியின் நெருங்கிய இனமொன்றைப் பிரேசில் தேசத்தார் கல்லுடைப்பான் என்று பொருள்படும் பெயரால் அழைக்கின்றனர். இத்தாலியில் 150 நோயாளிகளிடம் நடத்திய பரிசோதனை 2006-இல் பிரசுரமாயிற்று. அதிர்வலையால் கல்லை உடைத்த பின் இம்மூலிகையை உட்கொண்டோரில், சிறுநீரகத்தின் அடிப்பாகத்துக் கற்கள் அதிகமாக வெளியேறின. மூலிகை மட்டும் கல்லை உடைத்ததென்று இதற்குப் பொருளன்று.

பலன் கண்டேன் என்பவருக்கு

5 மில்லிமீட்டருக்கு உட்பட்ட கற்களில் பெரும்பாலானவை தாமாகவே வெளிப்பட்டுவிடும். அச்சமயம் எம்மூலிகையை உண்டிருந்தாலும் பெருமை அதற்கே போகும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே இது. மேலும், கஷாயத்தோடு உட்செல்லும் தண்ணீரும் ஒரு மருந்தென்பதை மறக்கலாகாது. ஒருமுறை கல் கண்ட 199 பேரை இத்தாலியில் ஐந்து ஆண்டுகள் கவனித்து 1996-இல் முடிவை வெளியிட்டனர். தண்ணீர் மிகுதியாய்க் குடித்தோரில் நூற்றுக்குச் சுமார் 12 பேருக்கே மீண்டும் கல் உண்டாயிற்று. மற்றவரில் 27 பேருக்கு உண்டாயிற்று. ஆகையால் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியுமளவு நீர் அருந்துதல் வேண்டும். உணவில் உப்பைக் குறைத்தலும் அவசியம்.

சேகரிப்போர் கவனிக்க வேண்டியவை

களைக்கொல்லி தெளித்த நிலத்திலும் சாக்கடை ஓரத்திலும் மூலிகை பறிக்கலாகாது. செடியை நன்கறிந்தவரிடம் காட்டியே உபயோகிக்க வேண்டும். மாவிலங்க மரத்தைச் சுற்றிலும் பட்டை உரித்தால் மரம் பட்டுப்போகும். கொள்ளுக்கோ எந்த இடையூறுமில்லை. புரட்டாசி முதல் கார்த்திகை வரை மானாவாரியாக ஏக்கருக்கு 8 கிலோ விதைத்தால், வீட்டுக்கு உணவும் மாட்டுக்குத் தீனியும் நிலத்துக்குத் தழைச்சத்தும் கிடைக்கும்.

எச்சரிக்கை

வலியோடு குளிர்ஜுரம் கண்டாலும், சிறுநீர் அடைபட்டாலும், இரத்தம் கலந்து போனாலும் கஷாயத்தை நம்பி ஒருநாளும் தாமதிக்கலாகாது. கர்ப்பிணிகளும், நீரிழிவு உள்ளோரும், ஒற்றைச் சிறுநீரகம் உடையோரும் இவ்விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதையாய் இருத்தல் வேண்டும். அடைப்பு நீடித்தால் வலி தணிந்த பின்னும் சிறுநீரகம் சத்தமின்றிக் கெட்டுப்போகும். ஆதலால் வலி நின்றவுடன் நோய் தீர்ந்ததென்று எண்ணாமல், ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். மலைக் கிராமங்களில் வழித்தூரம் அதிகமாகையால், கிராம உத்தியோகஸ்தர்கள் 108 வண்டியை உடனே அழைத்து, கள்ளக்குறிச்சி அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு அனுப்ப உதவி செய்வார்களாக. வேலைத்தலங்களில் நிழலும் குடிநீரும் ஏற்படுத்துவது, மூலிகை எதனையும்விடச் செலவு குறைந்த, நிச்சயமான தடுப்பாகும்.