சித்திரை விடுமுறையில் குண்டசாலை



சித்திரைப் புத்தாண்டோடு வரும் ஏப்ரல் விடுமுறைக்கு நுவரெலியா போவோர்தான் அதிகம். அங்கே இடம் கிடைக்காதவர்கள் கண்டிக்குப் பக்கத்திலேயே உள்ள குண்டசாலைப் பக்கம் வந்து பார்க்கலாம். சொல்லப்போனால், கூட்டம் பிடிக்காதவர்களுக்கு இதுதான் நல்லது.

மகாவலிக் கரையிலுள்ள இந்த ஊர் ஒரு காலத்தில் அரச வாசஸ்தலம். 1707 முதல் 1739 வரை கண்டியை ஆண்ட நரேந்திரசிங்கன் இங்கே அரண்மனை அமைத்து வாழ்ந்தான். அவன் மணந்தது மதுரைப் பெண்ணை. வாரிசு இல்லாமல் மன்னன் இறக்க, அரசியின் சகோதரர் அரியணை ஏறினார். 1815 வரை கண்டியை ஆண்ட நாயக்கர் வம்சம் தொடங்கியது இப்படித்தான்.

திகனை வழியே இன்னும் சற்றுக் கிழக்கே போனால் 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணை. உயரம் 122 மீற்றர். வில்லாக வளைந்து நிற்கும் அதன் சுவரைப் பார்த்ததும் பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். பழைய தெல்தெனிய நகரம் இந்த அணை தேக்கிய நீருக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் வெகுவாக வற்றினால் இடிபாடுகள் வெளியே தலைகாட்டும்.

மகாவலியில் குளிக்க ஆசைப்படுவோர் ஊராரிடம் கேட்டுவிட்டே இறங்குங்கள். மேலே மழை பெய்தால், இங்கே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும்.

இன்னொன்று: மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் வாங்கி முடிந்த கையோடு புறப்படுவோரே, புத்தாண்டை ஒட்டிக் கடைகள் பலவும் பூட்டியே கிடக்கும். பாணும் பருப்பும் முன்கூட்டியே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.