ஜுரம் விட்டது, பிறகு?

பெரம்பலூரிலிருந்து மக்காச்சோளக் கொல்லைகளைத் தாண்டி, அரியலூர் வழியாகத் திருமானூர்ப் பக்கம் போனால், கொள்ளிடக் கரையில் பச்சைப் பசேலென்று நெல் வயல்கள். தேங்கிய தண்ணீரில் கொக்குகள். கண்ணுக்குக் குளிர்ச்சியான இந்தக் காட்சிக்குள்ளேதான் ஒரு பொல்லாத வியாதி ஒளிந்திருக்கிறது.

அதன் பெயர் ஜப்பானிய மூளைக் காய்ச்சல். ஜப்பானுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? 1955-லேயே வேலூரில் இது கண்டறியப்பட்டது. இந்தியாவில் அதுதான் முதல் தடவை. பிற்பாடு பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்திலும் தலைகாட்டியது.

கொக்கு, பன்றி இவற்றின் ரத்தத்தில் இந்த வைரஸ் பெருகுகிறது. வயல் தண்ணீரில் பிறக்கும் க்யூலெக்ஸ் கொசு, அந்தி மயங்கும் வேளையில் அதை மனிதருக்குக் கொண்டு வருகிறது. மனிதரிடமிருந்து மனிதருக்கு ஒட்டாது. ஆகவே நோயாளியை ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை.

வைரஸ் புகுந்த சுமார் 250 பேரில் ஒருவருக்குத்தான் நோய் கடுமையாகிறது. அந்த ஒருவர் பெரும்பாலும் குழந்தை. ஜுரம், தலைவலி, வாந்தி. பிறகு வலிப்பு, பிதற்றல், மயக்கம். 'காற்றுக் கறுப்பு' என்று மந்திரிக்கப் போகும் ஒவ்வொரு மணி நேரமும் நஷ்டம்தான். இந்த வைரஸைக் கொல்லும் மருந்து கிடையாது. வலிப்பை அடக்கி, மூச்சைக் காத்து, டாக்டர்கள் போராடுகிறார்கள். அப்படியும் 100-க்கு 30 பேர் வரை இறந்துவிடலாம்.

பிழைத்த குழந்தை வீடு திரும்புகிறது. அம்மா திருஷ்டி கழிக்கிறாள். பிறகுதான் கவனிக்கிறாள்: சோற்றை அள்ளும் கை நடுங்குகிறது, முகத்தில் சிரிப்பில்லை, கூப்பிட்டால் உடனே திரும்புவதில்லை. பிழைத்தவர்களில் 30 முதல் 50 சதவீதம் பேருக்கு இப்படி ஏதாவது குறை தங்கிவிடுகிறது. மூளையின் நடுவேயுள்ள தாலமஸ் போன்ற பகுதிகளை வைரஸ் தாக்கிவிடுவதே காரணம். பிடிவாதமல்ல, சோம்பலுமல்ல. தாய்மார்களே, அந்தக் குழந்தையை அதட்டாதீர்கள்! டாக்டர் சொல்லும் பயிற்சிகளை மாதக் கணக்கில் விடாமல் செய்தால் பல குழந்தைகள் தேறுகிறார்கள்.

வருமுன் காக்க வழி உண்டு. இந்நோய் காணும் மாவட்டங்களில் அரசாங்கமே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது: 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் மற்றொன்று. இரண்டாவது ஊசியை மறந்துவிடாதீர்கள். விடுமுறைக்குத் தாத்தா ஊர் போகும் பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் அந்தி வேளையில் முழுக்கைச் சட்டை, ராத்திரி கொசுவலை. பெட்டி கட்டும்போதே அதையும் எடுத்து வையுங்கள்.