ஒரே எடை, இரு மட்டைகள்

மாலை வேளையில் பங்சார் வட்டாரத்துப் பூப்பந்துத் தளங்களில் மாணவர்கள் ஒருவர் மட்டையை மற்றவர் வாங்கி அடித்துப் பார்ப்பதுண்டு. "உன் மட்டை ரொம்பக் கனம்" என்பார் ஒருவர். கைப்பிடிக்கு மேலே பார்த்தால் இரண்டிலும் '4யு' என்றே அச்சிட்டிருக்கும். அதாவது, இரண்டும் 80 முதல் 84 கிராம் எடையுள்ளவை. பிறகு கனம் எங்கிருந்து வந்தது?

மட்டையின் தண்டை ஒரு விரலின்மேல் கிடத்தி, அது சாயாமல் நிற்கும் இடத்தைக் கண்டறியுங்கள். கைப்பிடியின் அடியிலிருந்து அவ்விடம்வரை ஏறத்தாழ 295 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், அது தலைக்கனம் மிக்க மட்டை. (மட்டைக்குக் கர்வம் ஏதும் இல்லை, எடை தலைப்பகுதியில் கூடியிருக்கிறது, அவ்வளவுதான்.) 285 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது தலை இலேசான மட்டை. இந்தச் சிறு வேறுபாட்டை மணிக்கட்டு உடனே உணர்ந்துவிடும். எடை மணிக்கட்டிலிருந்து விலக விலக, மட்டையைச் சுழற்றவும் நிறுத்தவும் கூடுதல் விசை தேவைப்படுகிறது.

முழு வீச்சில் சுழற்றினால், தலைக்கனம் மிக்க மட்டை ஐந்து கிராம் அளவேயுள்ள பந்தை வலுவாகத் தள்ளும். தளத்தின் பின்பகுதியிலிருந்து 'ஸ்மாஷ்' அடிப்போர் இதை விரும்புவர். ஆனால், எதிராளியின் ஸ்மாஷை மார்புக்கு நேரே தடுக்க வேண்டிய கணத்தில் இம்மட்டை சற்றுப் பிந்தியே வந்து சேரும். வலைக்கு அருகில் விரைந்து திருப்புவதற்குத் தலை இலேசான மட்டையே கைகொடுக்கும். இரட்டையர் ஆட்டத்தில் இவ்விரு வேலைகளும் நொடிக்கு நொடி மாறும். 2022ஆம் ஆண்டு பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் மகளிர் இரட்டையர் தங்கம் வென்ற தீனா முரளிதரன், பேர்லி தான் இணையின் ஆட்டத்தைப் பார்த்தால் இது விளங்கும்.

தண்டின் வளைவும் முக்கியமானது. விறைப்பான தண்டு, வேகமாகச் சுழற்றும் கைக்கே பலன் தரும். வேகம் குறைந்த கையில் அது வளையவே வளையாது. பந்தும் பின்கோட்டை எட்டாது. அந்தக் குறையை ஈடுகட்டத் தோளைப் பலமாக வீசும் மாணவருக்கு மிஞ்சுவது தோள்வலிதான். விருப்பமான வீரரின் மட்டையை அதிக விலைக்கு வாங்கிவிட்டு, பின்னர் அதனோடு மல்லுக்கட்டுவோர் பலர்.

தொடக்கநிலை ஆட்டக்காரருக்கு, எடை நடுவில் சமன்பட்டு, தண்டு நன்கு வளையும் மட்டை ஏற்றது. கடையில் காற்றில் வீசிப் பார்ப்பது போதாது. நண்பரின் மட்டையை இரவல் வாங்கி, மூன்றாம் ஆட்டம்வரை ஆடிப் பார்க்கலாம். கை களைத்த பிறகுதான் மட்டையின் உண்மையான கனம் தெரியும்.