ஏரிக்கரையில் தொடங்கும் கல்விச் சுற்றுலா

கல்விச் சுற்றுலா என்று அறிவித்ததும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை இடம் சார்?" என்பதுதான். பல ஆண்டுகள் நானும் அந்தக் கணக்கிலேயே திட்டமிட்டேன். விடியற்காலையில் பேருந்து, ஒரே நாளில் ஆறு இடங்கள். மறுநாள் 'நான் கண்டவை' என்று எழுதச் சொன்னபோது, பாதிப் பேர் பேருந்தில் ஓடிய திரைப்படத்தைப் பற்றி எழுதியிருந்தார்கள். கட்டணம் கட்ட இயலாத நான்கு பேர் சுற்றுலா நாளில் பள்ளிக்கே வரவில்லை. இவை இரண்டும் என்னை யோசிக்க வைத்தன. இப்போது எங்கள் ஏழாம் வகுப்பின் சுற்றுலா தென்னேரி ஏரிக்கரையில், நடந்தே தொடங்குகிறது.

காஞ்சிபுரம் மாவட்டத்தின் பெரிய ஏரிகளுள் ஒன்று தென்னேரி. தொண்டைமான் இளந்திரையன் பெயரால் 'திரையனேரி' என வழங்கிப் பின்னர் தென்னேரி ஆயிற்று என்பர். நாள்தோறும் பார்க்கும் ஏரிதானே என்று பிள்ளைகள் நினைப்பார்கள். கரை, மதகு, கலங்கல், வரத்துக் கால்வாய் ஆகியவற்றை ஒவ்வொன்றாகக் காட்டி, "இவற்றில் ஒன்று இல்லாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேட்பேன். கலங்கல் இல்லாவிட்டால் வெள்ளத்தில் கரை உடையும் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். முடிவில் ஒரு கேள்வியைக் கொடுத்து அனுப்புவேன்: "இவ்வளவு பெரிய ஏரியை அந்தக் காலத்தில் யார் பராமரித்திருப்பார்கள்?"

அந்தக் கேள்வியோடு அடுத்த வாரம் உத்திரமேரூர் போகிறோம். வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றின் ஆண்டுகள் 919, 921. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் செய்தார்கள். இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஆறு பேர் ஏரி வாரியம். அவர்களின் பதவிக்காலம் ஓராண்டு. முன்பு பதவி வகித்துக் கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் போட்டியிட முடியாது. 'ஏரி வாரியம்' என்ற சொல்லைக் கேட்டதும் பிள்ளைகளின் முகம் மாறும். பாடநூலில் ஒரு மதிப்பெண் வினாவாக இருந்த குடவோலை முறை, அப்போதுதான் அவர்கள் நடந்து பார்த்த கரையோடு சேர்கிறது.

சென்ற முறை அங்கே ஒரு மாணவி கேட்டாள்: "எங்க வீட்டுல நிலம் இல்லையே சார். அப்ப எங்க தாத்தா பேரு ஓலையில வருமா?"

வராது என்றுதான் சொன்னேன். வரி செலுத்தும் சொந்த நிலம், சொந்த மனையில் வீடு, 35 முதல் 70 வரை வயது, வேதக் கல்வி என்று தகுதிகள் இருந்தன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தேர்தல் நடந்தது என்று பெருமைப்படும் நாம், இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று 18 வயது நிறைந்த எவருக்கும் வாக்குரிமை உண்டு. நிலம் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. தமிழ்நாட்டின் உள்ளாட்சிப் பதவிகளில் பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு இருக்கிறது. அரசமைப்புச் சட்டம் எதை மாற்றியது என்பதை அந்தச் சுவரின் முன் நின்று விளக்கியதைப் போல வகுப்பறையில் என்னால் விளக்க முடிந்ததில்லை.

மூன்றாவது இடம் காஞ்சிபுரம். இங்கும் எல்லாக் கோயில்களையும் பார்ப்பதில்லை. இராசசிம்ம பல்லவன் கட்டிய கைலாசநாதர் கோயில் ஒன்று போதும். அங்கே ஒரு தூணில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது. "தமிழ்நாட்டுக் கோயிலில் கன்னடம் ஏன்?" என்பதுதான் அன்றைய கேள்வி. காஞ்சியை வென்ற சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், இக்கோயிலின் செல்வத்தைத் திருப்பிக் கொடுத்ததை அது சொல்கிறது. அவனுடைய அரசி கருநாடகத்தின் பட்டடக்கல்லில் எழுப்பிய விருபாட்சர் கோயிலில் இக்கோயிலின் சாயலைக் காணலாம்.

பிறகு ஒரு தறி வீடு. கர்நாடகப் பட்டு நூலும் சூரத்துச் சரிகையும் ஒரே தறியில் சேர்வதைப் பார்த்தபின் இந்திய வரைபடத்தை விரித்தால், பிள்ளைகளே கோடு போடுவார்கள். உடலும் கரையும் வெவ்வேறு நிறமாக இருக்க, மூன்று நாடாக்கள் ஓட்டிக் கோர்க்கும் 'கோர்வை' முறையை எங்களுக்கு விளக்கியவன், முந்தைய சுற்றுலாவுக்கு வராத நால்வரில் ஒருவன். அவன் அப்பா நெசவாளர். அன்று கேள்விகளை எல்லாரும் அவனிடம்தான் கேட்டார்கள்.

சில நடைமுறைக் குறிப்புகள்:

* ஒரு நாளைக்கு இரண்டு இடங்களுக்கு மேல் வேண்டாம். ஓர் இடத்துக்கு ஒரு கேள்வி போதும்.
* ஆசிரியர் முன்னதாகவே ஒரு முறை போய், குடிநீர், கழிப்பறை வசதிகளைப் பார்த்து வர வேண்டும்.
* நண்பகலில் கோயில் நடை சாத்தப்படும். அந்த நேரத்தை உணவுக்கு வைத்துக்கொள்ளலாம்.
* தலைமையாசிரியர் அனுமதியும் பெற்றோர் ஒப்புதல் கடிதமும் கட்டாயம்.
* பணம் இல்லை என்பதற்காக ஒரு பிள்ளையும் விடுபடக் கூடாது. தொலைவைக் குறைத்தாலே செலவு பெருமளவு குறையும்.

உங்கள் ஊரில் தென்னேரி இல்லாமல் இருக்கலாம். ஒரு குளமோ, பழைய சந்தையோ, நடுகல்லோ, உப்பளமோ இருக்கும். பாடநூலின் எந்தப் பக்கம் அங்கே திறக்கிறது என்று முதலில் பாருங்கள். தாஜ்மகாலையும் அஜந்தாவையும் பிள்ளைகள் பார்க்க வேண்டியதுதான். தம் ஊர் ஏரியிடம் கேள்வி கேட்கப் பழகிய பிள்ளை, அங்கே போகும்போதும் கேள்வியோடுதான் போகும்.