மணியைக் கழுவும் முறை

மதுரை மாநகரின் மணிக் கடைத்தெருவைச் சிலப்பதிகாரத்து ஊர்காண் காதை விரித்துரைக்கிறது. குற்றமுள்ள கல் எது, குற்றமற்ற கல் எது என்று பிரித்தறிந்த வணிகர்களை அங்குக் காண்கிறோம். ஆயின், மண்ணிலிருந்து எடுத்த கல் கடைக்கு வருமுன் அதனை எவ்வாறு ஆயத்தம் செய்வது? இவ்வேலையில் பெரும்பகுதி வீட்டிலேயே செய்யத்தக்கது. அதன் அடிப்படை விதி ஒன்றே: கல்லின்மேல் ஒட்டியதை நீக்குக; கல்லை நீக்காதே.

இதற்குத் தக்க சான்று இலங்கையின் இரத்தினபுரி. அங்கு மணிகள் கலந்து கிடக்கும் சரளைப் படலத்திற்கு ‘இல்லம்’ என்று பெயர். இது சிங்களச் சொல். வீட்டைக் குறிக்கும் நம் சொல் அன்று. அச்சரளையைக் கூடையிலிட்டு நீரில் சுழற்றுவர். மண் கரைந்தோடும், இலேசான கற்கள் ஒதுங்கும், கனமான மணிகள் அடியில் தங்கும். அவ்வாறு பொறுக்கிய கல்லும் களிமண்ணும் செங்கறையும் படிந்தே இருக்கும். வீட்டு வேலை இங்குத் தொடங்குகிறது.

முதலில் கற்களை இனம் பிரிக்க வேண்டும். மாணிக்கமும் நீலமும் நிறத்தால் வேறாயினும் பொருளால் ஒன்றே. இரண்டும் குருந்தம் என்னும் கனிமம். ஆங்கிலத்தில் வழங்கும் ‘கொரண்டம்’ என்ற பெயர் இத்தமிழ்ச் சொல்லிலிருந்து சென்றதே என்பது நமக்கு மகிழ்ச்சி தருவது. மோஸ் என்பார் வகுத்த கடினத் தரவரிசையில் வைரம் 10, குருந்தம் 9, படிகக்கல் 7, சந்திரகாந்தம் ஏறத்தாழ 6. சந்திரகாந்தம் அடிபட்டால் எளிதில் பிளந்துவிடும். ஆகையால் எல்லாவற்றையும் ஒரே பாத்திரத்தில் கொட்டிக் குலுக்கலாகாது. வன்கல் மென்கல்லைக் கீறிவிடும்.

அடுத்து, வெதுவெதுப்பான நீரில் சிறிது சவர்க்காரம் கரைத்துக் கற்களை ஊறவிட்டு, மென்மையான பல் தூரிகையால் தேய்க்க வேண்டும். சுடுநீரிலிருந்து எடுத்த கல்லைத் தண்ணீரில் போடுவது பெருந்தவறு. உள்ளே வெடிப்பிருப்பின் அது விரியும். கழுவிய கல்லை நிழலில் உலர்த்துதல் நன்று.

இவ்வளவிலும் போகாத செந்நிறக் கறை பெரும்பாலும் இரும்புத் துருவேயாகும். படிகக்கல்லிலும் குருந்தத்திலும் உள்ள அக்கறையை ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் போக்கும். ஆனால் அது நஞ்சு. அதைச் சமையல் பாத்திரத்தில் கலக்கலாகாது. அடுப்பில் சுடவைக்கவும் கூடாது. கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாதபடி செய்தல் வேண்டும். பின்னர் நல்ல நீரில் பலமுறை அலச வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை. நவமணிகள் என்று நாம் சேர்த்து எண்ணும் ஒன்பதனுள் முத்தும் பவளமும் கடல் உயிர்கள் ஈன்றவை, சுண்ணாம்புச் சத்தாலானவை. அமிலம் அவற்றை அரித்துவிடும். புளிக்காடி பட்டாலும் கெடும். சொல்லளவில் ஒரு தொகுதியாக இருப்பவை தன்மையில் ஒன்றாகா.

கழுவியபின் பலர் செய்யும் பிழை, கல்லை உடைத்தும் உராய்ந்தும் அழகுபடுத்த முயல்வது. 5 காரட் 1 கிராம் ஆகும். பொடியளவு சில்லு தெறித்தாலும் காரட் கணக்கில் இழப்பு உண்டு. பட்டை தீட்டும்போது கல்லின் எடையில் பாதிக்கு மேல் குறைவது வழக்கமாதலால், எங்கே வெட்டுவது என்பதைத் தேர்ந்த தொழிலாளியிடம் விடுவதே அறிவுடைமை. அன்றியும், இயற்கை வடிவமே கல்லின் இனத்தைக் காட்டும் சான்று. உலர்ந்த கல்லைத் தேய்க்கும்போது எழும் தூசு நுரையீரலுக்குக் கேடு விளைப்பது என்பதையும் மறத்தலாகாது.

மங்கலான கல்லை வீணென்று எறிவதும் தவறு. இலங்கையில் ‘கெவுடா’ எனப்படும் பால்நிறக் குருந்தம் ஒரு காலத்தில் மதிப்பற்றுக் கிடந்தது. 1970-களில் தாய்லாந்து வணிகர்கள் அதனை மலிவாக வாங்கிச் சென்று, உயர்ந்த வெப்பத்தில் சுட்டு நீலக்கற்களாக மாற்றி விற்றனர். கல் இலங்கையுடையது, ஊதியம் பிறருடையது. அறியாமைக்குக் கொடுத்த விலை அது. ஆகவே தெளிந்த கல், மங்கிய கல் எனப் பிரித்து, நிறமும் அளவும் நோக்கி, தனித்தனித் தாளில் மடித்து, கிடைத்த ஊரையும் எடையையும் குறித்து வைத்தல் வேண்டும்.

விற்கும்போது கல்லை உலர்ந்த நிலையில் பகல் வெளிச்சத்தில் காட்டுதல் நேர்மை. ஈரக் கல் இல்லாத ஒளியை இருப்பதுபோல் காட்டும். மரகதத்தின் வெடிப்பில் எண்ணெய் ஏற்றுவதும் குருந்தத்தைச் சுடுவதும் வணிக உலகம் அறிந்த முறைகளே. சொல்லி விற்பின் அது வணிகம். மறைத்து விற்பின் வஞ்சகம்.

மணியைக் கழுவுவோன் அதற்குப் புதிய ஒளியைத் தருவதில்லை. அதில் இருக்கும் ஒளிக்கு இடையூறாக நின்ற மண்ணை மட்டுமே அகற்றுகிறான். பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம்மனோர்க்கும் இஃது எண்ணத்தக்கதே.